ஆடுவோர் ஆக்கிய வரலாறு

சரித்திர நூல்கள் அரசர்களின் மரணத்தை ஆண்டும் திங்களும் குறித்து உரைப்பது வழக்கம். அவ்வழக்கத்தை ஒட்டி நாமும் ஓர் அரசரின் மரணத்திலிருந்தே தொடங்குவோம். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரிட்டானியா நாட்டு வேந்தர் லார்ட் பிரிட்டிஷ், தம் குடிகளுக்குக் காட்சி தரும் பொருட்டுக் கோட்டை மதில்மேல் வந்து நின்றார். கீழே திரண்டிருந்த கூட்டத்தில் திருட்டையே தொழிலாகக் கொண்ட ஒருவரும் இருந்தார். பிறரிடம் களவாடிய மந்திரச் சுருள் ஒன்றை அவர் எடுத்து விரித்தார். மதில்மேல் நெருப்பு எழுந்தது. அரசர் அதில் வெந்து மாண்டார். அரசரைச் சார்ந்தோர் சினங்கொண்டு பேய்களை ஏவ, வேடிக்கை பார்க்க வந்த அப்பாவி மக்கள் பலர் அழிந்தனர்.

பிரிட்டானியா என்ற நாட்டைப் பூகோளப் படத்தில் தேடினால் காணக் கிடைக்காது. அமெரிக்காவைச் சேர்ந்த ஆரிஜின் என்னும் நிறுவனம் உருவாக்கிய ‘அல்டிமா ஆன்லைன்’ என்ற கணிப்பொறி விளையாட்டினுள் அமைந்த கற்பனை நாடு அது. இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் அதனுட் புகுந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு உலவலாம். அரசர் வேடம் பூண்டிருந்தவர், அவ்விளையாட்டைப் படைத்த ரிச்சர்ட் காரியட் என்பவரே. எந்த ஆயுதமும் தீண்டாத காப்பு அவருடைய பாத்திரத்துக்கு இருந்தது. ஆனால் அன்று சர்வர் என்னும் நடுக் கணிப்பொறி சற்று முன்னர் நின்றுபோய் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. மறுபடி உள்ளே நுழைந்த காரியட் அக்காப்பை இட்டுக்கொள்ள மறந்துவிட்டார். பொதுமக்களுக்கு விளையாட்டு திறக்கப்பட்டது அடுத்த செப்டம்பரில். ஆகவே இது வெள்ளோட்டக் காலத்திலேயே நிகழ்ந்த கொலை. ஒருவரும் எழுதி வைக்காத காட்சியில், படைத்தவரே தம் படைப்பினுள் எதிர்பாராது மடிந்தார். அவ்விளையாட்டுக்கென்று முறையாக எழுதப்பெற்ற கதைகளை இன்று நினைவிற் கொண்டிருப்போர் சிலரே எனலாம். இந்த எழுதாக் கதையையோ, அதனை ஒரு முறையும் ஆடிப் பாராதவர்களும் சொல்லக் கேட்கின்றோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். விதிகளை வகுத்தவர் நினையாத ஒன்று, விதிகளுள் எங்கும் எழுதப்படாத ஒன்று, ஆடும்போது தானே முளைத்து எழுகின்றது. இதனைத் ‘தானாய் விளையும் ஆட்டம்’ என்று வழங்குவோம். அவ்வாறு விளைந்தவற்றைக் கோத்துப் பார்த்தால் அஃது ஒரு வரலாறாகவே அமைகின்றது. அதில் போர் உண்டு, கொள்ளைநோய் உண்டு, நீத்தார் நினைவும் உண்டு. இவ்வரலாற்றை ஆக்குவோர் ஆடுவோர். அது நிகழும் நிலமோ நிறுவனங்களின் உடைமை. உடைமைக்காரர் ஒரு நாள் கதவை அடைத்துவிட்டால் அவ்வரலாறு என்னாகும் என்ற கேள்வி இப்பொருளை விட்டுப் பிரியாதது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நேயர்கள் பலருடைய இல்லங்களில், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, முகம் அறியாத தோழர்களோடு நள்ளிரவு கடந்தும் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர் ஒருவரேனும் இருக்கக்கூடும். என்ன செய்கிறாய் என்று வினவினால் ‘விளையாடுகிறேன்’ என்ற ஒரு சொல்லே விடையாக வரும். அவ்விடை பொய்யன்று, ஆயினும் மிகவும் சுருங்கிய விடை.

விதி சிறிது, விளைவு பெரிது என்பது பழைய உண்மை. நம் நாட்டிற் பிறந்த சதுரங்கத்துக்கு அறுபத்து நான்கு கட்டங்களும், சில ஏடுகளில் அடங்கும் விதிகளுமே உள்ளன; ஆயினும் இதுகாறும் ஆடப்பெற்ற ஆட்டங்கள் எண்ணில் அடங்கா. கணிப்பொறி வந்த பின் புதிதாய்ச் சேர்ந்தது யாதெனில், விதிகளைக் காக்கும் பொறுப்பு மனிதரிடமிருந்து எந்திரத்துக்கு மாறிற்று என்பதே. எந்திரம் தனக்கிட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றும். கட்டளைகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன பிறக்கும் என்பதைக் கட்டளையிட்டவரும் முன்னறிய இயலாது.

இதற்கு நல்ல சான்று, 1978-இல் ஜப்பானில் தைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டு. வானிலிருந்து வரிசை வரிசையாய் இறங்கிவரும் வேற்றுக்கிரகத்தாரைச் சுட்டு வீழ்த்துவதே அதில் வேலை. அக்காலத்து எந்திரம் மெதுவானது. திரை நிறையப் பகைவர் இருக்கும்போது, அத்தனை உருவங்களையும் வரைவதற்கே அதன் ஆற்றல் செலவாகி, அவை ஊர்ந்து சென்றன. சிலவற்றை வீழ்த்தியதும் வரைய வேண்டியவை குறைந்து, எஞ்சியவை விரைந்து வரலாயின. இவ்விரைவு திட்டமிட்டு அமைத்ததன்று. எந்திரத்தின் இயலாமையிற் பிறந்தது. நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டார். முடிவு நெருங்க நெருங்கப் பகைவரின் வேகம் ஏறும் அந்தப் பதைப்பே அவ்விளையாட்டின் உயிராயிற்று. 1991-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ இரண்டாம் பாகத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஓர் அடி முடியுமுன் அடுத்த அடியைத் தொடுத்து, எதிரி தப்ப இடமின்றித் தாக்கலாம் என்பது ஆக்கியோருக்கே தற்செயலாய்த் தெரியவந்தது. இது எளிதில் எவர்க்கும் கைவராது என்று எண்ணி அதனை அப்படியே விட்டனர். ஆடுவோர் கைவரச் செய்தனர். பின்னர் வந்த சண்டை விளையாட்டுகள் பெரும்பாலும் அத்தொடர் அடிகளையே இலக்கணமாகக் கொண்டன.

இவை எந்திரமும் ஒருவரும் எதிரெதிரே நின்று ஆடியவை. அதே 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் வளர்த்த ‘மட்’ என்னும் விளையாட்டில் ஒரு புதுமை புகுந்தது. அதில் படம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. ‘நீ ஒரு பாதையில் நிற்கின்றாய்’ என்பது போன்ற சொற்கள் திரையில் தோன்றும். ஆடுபவர் தம் செயலை எழுத்தாற் சொல்வார். ஆனால் அப்பாதையில் எதிரே வருபவர், வேறோர் அறையில் வேறொரு திரைக்குமுன் அமர்ந்துள்ள மற்றொரு மனிதராக இருக்கக்கூடும். விதியோடு விதி மோதியது போக, மனத்தோடு மனமும் மோதத் தொடங்கிற்று. அல்டிமா ஆன்லைன் இந்த மரபில் வந்ததே.

மனிதர் கூடிய இடத்தில் ஆக்கியோரின் கணக்கு எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு அல்டிமாவிலேயே மற்றொரு சான்று உண்டு. காட்டில் உயிர்களின் சங்கிலி ஒன்றை அமைக்க அவர்கள் விரும்பினர். மேய்வனவற்றை ஊன் உண்ணிகள் வேட்டையாடும். இரை குறைந்தால் கொடிய விலங்குகள் ஊரை நோக்கி வரும். அதனால் ஆடுவோர்க்குப் புதிய புதிய அலுவல்கள் தாமே பிறக்கும் என்பது எண்ணம். அரிய எண்ணந்தான். கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்த மக்கள், மானென்றும் முயலென்றும் பாராமல், கண்ணிற் பட்ட ஒவ்வோர் உயிரையும் அது தோன்றிய கணமே வெட்டிச் சாய்த்தனர். சங்கிலி கோக்கப்படுவதற்குள் கண்ணிகள் மறைந்தன. ஆக்கியோர் அத்திட்டத்தையே கைவிட்டனர். விளையும் என்று பாத்தி கட்டியது விளையவில்லை. அரசர் கொலையோ பாத்தி கட்டாமலே விளைந்தது.

இனி, இவ்வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு வருவோம். பிளிஸ்ஸார்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டுலகம், ஓராண்டுக்குள் பல லட்சம் மக்களை ஈர்த்துக்கொண்டது. 2005 செப்டம்பர் 13 அன்று அவ்வுலகில் ஒரு பாழடைந்த கானகக் கோயில் புதிதாய்த் திறக்கப்பட்டது. அங்கே ஹக்கார் என்னும் குருதித் தெய்வம் வீற்றிருந்தது. அதனோடு பொருவோர்மீது அது ஒரு சாபத்தை ஏவும். ‘கெட்ட குருதி’ என்று அதற்குப் பெயர். சாபம் பட்டவர் உயிர்வலிமை சில நொடிகளுக்குத் தேய்ந்துகொண்டே போகும். அருகில் நிற்போரையும் அது பற்றும். முதிர்ந்த வீரர்களே அக்கோயிலினுட் செல்வர். அவர்கள் அதனைத் தாங்குவர். கோயிலை விட்டு வெளியேறினால் சாபம் நீங்கிவிடும் என்பது ஏற்பாடு.

ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. வேடர் போன்ற சில வகுப்பினர் விலங்குகளையும் பிற ஏவல் உயிர்களையும் உடன் வைத்திருப்பர்; வேண்டாதபோது அவற்றை மறையச் செய்து, வேண்டும்போது மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். கோயிலினுள் நோய் பற்றிய விலங்கை மறைத்துவிட்டு, தலைநகர்ச் சந்தையில் நின்று அழைத்தபோது, விலங்கோடு நோயும் வந்து இறங்கியது. நகரங்களில் கடை வைத்திருப்போராகவும் காவலராகவும் கணிப்பொறியே இயக்கும் மாந்தர் இருந்தனர். அவர்கள் நோயைத் தாங்குவர், மாளார், ஆனால் வருவோர் போவோர்க்கெல்லாம் அதனைப் பரப்புவர். ஐயன்ஃபோர்ஜ், ஆர்கிரிம்மார் முதலிய பெருநகரங்களின் வீதிகள் எலும்புக் கூடுகளால் நிரம்பின. அன்றுதான் ஆடத் தொடங்கிய புதியவர்கள் நொடிகளில் வீழ்ந்தனர்.

நமக்கு வியப்பளிப்பது நோய் பரவிய விதமன்று. அதன்முன் மக்கள் நடந்துகொண்ட விதமே. அவர்களுக்கு யாரும் அறிவுரை கூறவில்லை. அதில் வெல்வதற்கும் ஒன்றுமில்லை. ஆயினும் குணப்படுத்தும் ஆற்றல் படைத்த சிலர் தாமாகவே நகரவாயில்களில் நின்று, வீழ்ந்துகொண்டிருந்தவர்களை உயிர்ப்பிக்க முயன்றனர். அம்முயற்சியில் நோய்ப்பட்டோரை நெடுநேரம் நடமாட வைத்து, அறியாமலே நோயைப் பரப்பவும் செய்தனர். சிலர் நகரை விட்டு மலைக்கும் காட்டுக்கும் ஓடினர். சிலர் எட்ட நின்று வருவோரை எச்சரித்தனர். என்னதான் நடக்கின்றது பார்ப்போம் என்று உள்ளே நுழைந்து நோயை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் உண்டு. வேண்டுமென்றே நோயைச் சுமந்து கூட்டத்தினுட் புகுந்தவர்களும் உண்டு. நிறுவனம் நோயாளரை ஒதுக்கி வைக்க முயன்றது, ஒதுங்குவார் இல்லை. முடிவில் சர்வர்களை நிறுத்தித் தொடங்கியும், ஏவல் உயிர்களை நோய் பற்றாதவாறு நிரலைத் திருத்தியும் அதனை ஒழித்தார்கள். மெய்யான உலகத்துக்கு இவ்வசதி இல்லை.

தொற்றுநோய் அறிஞர்கள் இதனைக் கேலியாக ஒதுக்கவில்லை. 2007-இல் ரான் பாலிசர் என்பவர் இதைப்பற்றி ஓர் ஆய்விதழில் எழுதினார். அதே ஆண்டு எரிக் லோஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் ஆகிய இருவர் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் கட்டுரை வெளியிட்டனர். கணித முறையில் நோய்ப் பரவலை வரைவோர் மனிதரின் நடத்தையைச் சரியாகக் கணக்கில் கொள்ள முடியாமல் இடர்ப்படுகின்றனர். ஆர்வத்தால் ஆபத்தை நோக்கி ஓடுவாரை எந்தச் சமன்பாட்டில் அடைப்பது? கற்பனை உலகம் ஒன்றில் மெய்யான மனிதர் நடந்துகொள்வதைக் கண்டால் அதிலிருந்து கற்க இடமுண்டு என்பது அவர்கள் கருத்தின் சாரம். 2020-இல் கொரோனா உலகைச் சூழ்ந்தபோது இப்பழைய கதை மீண்டும் பலரால் எடுத்துப் பேசப்பட்டது. விளையாட்டில் மாள்பவர் மீண்டும் எழுவார். ஆதலின் இரண்டையும் ஒன்றென்று கொள்வது பிழையாகும். ஆயினும் 2020-இல் நாம் கண்ட மனிதர்களுள் எத்தனை பேரை 2005-இலேயே அவ்வீதிகளில் கண்டிருந்தோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நிற்க. கொள்ளைநோய் ஒரு மாதத்துக்குள் தீர்ந்தது. ஆண்டுக்கணக்கில் நீளும் அரசியல் வரலாற்றைக் காண விரும்பினால் ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் உலகத்துக்குச் செல்ல வேண்டும். ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் அதனை 2003 மே மாதத்தில் வெளியிட்டது. 7,000-க்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள். வணிகம் செய்யலாம், சுரங்கம் தோண்டலாம், கலம் கட்டலாம், கொள்ளையடிக்கலாம். எல்லைப்புற மண்டலங்களில் காவல் இல்லை. வலிமை உடையவர் ஆளலாம். ஆக்கியோர் அங்கே கதை ஏதும் வைக்கவில்லை. இடத்தையும் பொருளையும் மட்டுமே வைத்தனர். பேரரசுகளையும் கூட்டணிகளையும் ஒற்றர் படைகளையும் தூதுவர்களையும் ஆடுவோரே உண்டாக்கினர். 2008 முதல் தங்கள் குறைகளை நிறுவனத்திடம் எடுத்துரைக்க ஒரு மன்றத்தையும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வருகின்றனர்.

2014 ஜனவரி 27 அன்று, பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய ஆட்சிக் கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமற் போயிற்று. பல லட்சம் மதிப்புள்ள கலங்களை நிறுத்தியிருந்த கூட்டணியின் தளம் அது. கட்டணம் தவறியதும் மண்டலம் ஆளற்றதாயிற்று. பகைக் கூட்டணியார் பாய்ந்து பற்ற முயன்றனர். இருதரப்பும் துணைப்படைகளை அழைக்க, ஏறத்தாழ 21 மணி நேரம் போர் நடந்தது. அதில் பங்குகொண்டோர் 7,500-க்கு மேற்பட்டவர். அத்தனை பேரைச் சர்வர் தாங்காது என்பதால், அவ்விளையாட்டில் ஒரு விசித்திர ஏற்பாடு உண்டு: கூட்டம் மிகும்போது அம்மண்டலத்தில் காலமே பத்தில் ஒரு பங்காக மெதுவாகும். பீரங்கி ஒன்று சுட்டால் அதன் விளைவைக் காணப் பொறுத்திருக்க வேண்டும். பலர் இடையில் உறங்கி எழுந்து வந்தும் போர் முடியாதிருந்தது போலும். டைட்டன் என்னும் மாபெரும் கலங்களில் 75 அழிந்தன. அவற்றுள் ஒன்றைக் கட்டவே பலர் கூடிப் பல வாரம் உழைக்க வேண்டும். நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அன்று அழிந்தவற்றின் விலை ஏறத்தாழ 3 லட்சம் அமெரிக்க டாலர். ஒரு வாடகைத் தவணை தவறியதால் வந்த வினை என்று இதனைக் கூறினால், வெளியூரில் வாடகை வீட்டில் வாழும் நேயர்கள் சிரித்துக்கொள்வார்கள். நிறுவனம் பின்னர் அம்மண்டலத்தில் சிதைந்த கலங்களை நிலையான நினைவுச் சின்னமாக நிறுத்தியது. படைத்தவர், ஆடியவரின் செயலை வரலாறென்று ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆயினும் ஈவ் வரலாற்றில் இப்போரைவிட நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. ஸீன் ஸ்மித் என்பவர் அமெரிக்க வெளியுறவுத் துறையில் தகவல் அதிகாரியாகப் பணியாற்றியவர். விளையாட்டில் அவர் பெரிய கூட்டணி ஒன்றின் தூதுவர். ‘வைல் ராட்’ என்பது அவர் பூண்ட பெயர். பகல் முழுதும் ஓர் அரசுக்கும், இரவில் ஓர் இல்லாத அரசுக்கும் தூதாண்மை அலுவல் பார்த்தவர் என்று அவரைச் சொல்லலாம். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதுவரகத்தின்மீது நடந்த தாக்குதலில் அவர் உயிர் துறந்தார். செய்தி அறிந்ததும் ஆடுவோர், நட்பென்றும் பகையென்றும் பாராது, தாங்கள் ஆண்ட விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரைச் சூட்டினர். வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கல்லே இல்லாத வெளியில் அவர்கள் பெயரை நாட்டினர்.

பலர் கூடும் உலகங்களிலேதான் இத்தகைய கதைகள் விளையும் என்று கொள்ள வேண்டா. தனித்து ஆடுவோரும் ஆக்கியுள்ளனர். வில் ரைட் அமைத்து 2000-இல் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ என்னும் விளையாட்டு, பாவை மாந்தரைக் குடிவைத்து அவர்கள் வாழ்க்கையைப் பார்த்திருக்கும் வகையது. அதன் மூன்றாம் பாகத்தில், 2009-இல், ராபின் பர்க்கின்ஷா என்னும் மாணவர் ஒரு தந்தையையும் மகளையும் படைத்தார். தந்தை கெவ், சினமும் பித்தும் உடையவன். மகள் ஆலிஸ், இரக்கமும் தாழ்வு மனப்பான்மையும் உடையவள். இருவர்க்கும் வீடில்லை, பணமில்லை; பூங்கா போன்ற வெற்று மனையில் பலகைமேல் உறக்கம். பின்னர் அவர்கள் தாமாக என்ன செய்கின்றனர் என்று பார்த்து, நாட்குறிப்புப்போல் எழுதி வந்தார். பசியோடும் உறக்கமின்றியும் வேலை செய்து ஈட்டிய பணத்தைக் கண்டதும், ஆலிஸின் உள்ளத்தில் எழுந்த விருப்பம் அதனை அறத்துக்கு ஈய வேண்டும் என்பது. அவர் அதனை நிறைவேற்றினார்; அவள் முழுவதையும் கொடுத்துவிட்டு மீண்டும் ஒன்றுமில்லாதவள் ஆனாள். இரக்கமுள்ளவள் என்று பண்பு குறித்த ஓர் எண்ணும், சில விதிகளும் சேர்ந்த விளைவு இது என்பதை நாம் அறிவோம். அறிந்தும் மனம் இளகுகின்றது.

இதற்கு நேர்மாறான சுவை உடையது, டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர் இருவர் 2006 ஆகஸ்டில் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’. குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டும் கதை. ஆட்டம் தொடங்குமுன்பே கணிப்பொறி ஓர் உலகத்தைப் படைத்து, பல நூற்றாண்டு வரலாற்றையும் தானே புனைந்து வைத்துவிடும். ஒரு கோட்டையைப் பலர் முறைவைத்து ஆளுக்கோர் ஆண்டு ஆண்டு, ஆட்சிக் குறிப்பும் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பழக்கம் அவ்விளையாட்டில் தோன்றியது. ‘போட்மர்டர்ட்’ என்னும் கோட்டையின் குறிப்புகள், மதம்பிடித்த யானைகளாலும், எரிமலைக் குழம்பை வாயிலில் திறந்துவிட்ட ஆட்சியாளராலும் அது அழிந்த விதத்தைக் கூறுவன. வாய்விட்டுச் சிரிக்காமல் படிக்க இயலாது. 2015 டிசம்பரில் அவ்விளையாட்டில் மதுக்கடைகள் சேர்க்கப்பட்டன. அதன்பின் கோட்டைப் பூனைகள் காரணமின்றிச் சாகத் தொடங்கின. ஆராய்ந்தபோது தெரிந்தது இது: குடிகாரக் குள்ளர்கள் தரையில் மதுவைச் சிந்தினர், பூனைகள் அதில் நடந்தன, பூனை பாதத்தை நக்கித் தூய்மை செய்யும் என்று முன்னரே ஒரு விதி இருந்தது, நக்கும்போது ஒரு முழுக் கோப்பை மது உடலிற் சேர்வதாகக் கணக்கில் பிழை இருந்தது. பூனையைக் கொல்லும் விதி ஒன்றும் எழுதப்படவில்லை. தனித்தனியே எழுதப்பட்ட விதிகள் கூடிக் கொன்றன.

இவற்றையெல்லாம் கதையென்று கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு. கதை என்பதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். தேர்ந்தெடுக்கும் கை ஒன்று வேண்டும். இவையோ நிகழ்ந்தவை, ஆக்கப்பட்டவை அல்ல என்பர். நேர்மையான கேள்விதான். நம் கருத்து இது: நிகழ்ச்சி தானாய் விளையலாம்; கதை தானாய் விளைவதில்லை. ஆலிஸைக் கதையாக்கியது பர்க்கின்ஷாவின் எழுத்து. கோட்டையைக் கதையாக்கியவர்கள் குறிப்பெழுதியவர்கள். ஈவ் உலகத்துப் பெரும்போர்களை, அவற்றில் ஈடுபட்டோரைக் கண்டு வினவி, ஆண்ட்ரூ க்ரோயன் என்பவர் 2016-இல் ஒரு வரலாற்று நூலாகவே வெளியிட்டார். எழுதாதவை போயின; போனவையே மிகுதி. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தைப் பேணிய செயலாளர் ஒருவர் வாய்த்த இடத்தில் ஐம்பதாண்டு வரலாறு கிடைப்பதையும், வாய்க்காத இடத்தில் ஒரு மங்கிய புகைப்படமே எஞ்சுவதையும் அறிந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் 2012-இல் 14 விளையாட்டுகளைத் தன் தொகுப்பிற் சேர்த்தது. தி சிம்ஸ், ஈவ் ஆன்லைன், ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் மூன்றும் அவற்றுள் அடங்கும். ஆனால் கலைக்கூடம் விளையாட்டைத்தான் காக்க முடியும். ஆடியதைக் காப்பது வேறு. பலர் கூடும் உலகங்கள் நிறுவனத்தின் சர்வரில் உள்ளன. வருவாய் குறைந்தால் அவை நிறுத்தப்படும். உள்ளே நுழையும்போது நாம் படியாமலே ஒப்புக்கொள்ளும் நீண்ட உடன்படிக்கை பெரும்பாலும் அதற்கு இடந்தந்தே எழுதப்பட்டிருக்கும். ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற உலகம் மூடப்படும் என்று 2012-இல் அறிவிப்பு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் அதன் முதல் நகரப் பூங்காவில் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். பயன் இல்லை, அவ்வாண்டு நவம்பர் 30 அன்று விளக்கு அணைந்தது. ஆனால் அவர்கள் ஓயவில்லை. ஆர்வலர்கள் தாமே அதனை மறுபடி நடத்தி வந்தனர். 2024 ஜனவரியில் உரிமையுடைய நிறுவனமே அத்தகைய குழு ஒன்றுக்கு முறைப்படி அனுமதி வழங்கிற்று. இவ்வாறு மீண்டவை மிகச் சில.

எழுதி வைத்தமையால் மீண்ட ஒரு வாழ்க்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர், தசைகள் நாளடைவில் செயலிழக்கும் டுஷேன் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில் தம் 25-ஆம் வயதில் மறைந்தார். வீட்டை விட்டு வெளியே அதிகம் செல்லாமல், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டிலேயே மகன் காலத்தைக் கழித்தான், நட்பும் காதலும் அறியாமலே போனான் என்று பெற்றோர் வருந்தியிருந்தனர். அவர் எழுதி வந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியை அவர்கள் வெளியிட்டதும், பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவியத் தொடங்கின. விளையாட்டில் அவர் பெயர் ஐபலின். ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவைச் சேர்ந்தவர். அங்கே அவர் ஓடினார், நடந்தார், பிணங்கிய நண்பரை இணக்கி வைத்தார், துயருற்றவர்க்குச் செவி கொடுத்தார். அக்குழுவினர் சிலர் அவருடைய இறுதிச் சடங்குக்கே நேரில் வந்து நின்றனர்.

பெஞ்சமின் ரே என்னும் இயக்குநர் அவ்வாழ்க்கையை ஓர் ஆவணப் படமாக்கினார். 2024-இல் அது வெளிவந்தது. மாட்ஸ் ஸ்டீன் விளையாட்டினுள் வாழ்ந்த காட்சிகளை அவரால் மறுபடி அமைக்க முடிந்ததற்குக் காரணம், குழுவினர் தங்களுக்குள் பேசியதும் செய்ததுமாகச் சேமித்திருந்த பதிவுகள். அச்சில் எடுத்தால் அவை 42,000 பக்கம் வரும் என்று கணக்கிட்டனர். ஐபலினின் வாயில் படம் வைத்த சொற்கள் அப்பதிவுகளில் உள்ள சொற்களே.